ஆம்ப்ளிஃபயரில் கண்டன்சர் மாற்றினால் சத்தம் நன்றாகுமா? திருப்புளியை எடுக்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் மதுரை திருநகரிலிருந்து ஒரு தம்பி தன் அசெம்பிள் செட்டை, அதாவது போர்டுகளை வாங்கிக் கோத்த ஆம்ப்ளிஃபயரை, தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே சுண்டுவிரல் பருமனில் சிவப்பாக நாலு கண்டன்சர். ப்ரீ ஆம்ப் போர்டில் ரெண்டு, பவர் போர்டின் இன்புட்டில் ரெண்டு. ஆன்லைனில் வரவழைத்தது.

"பழசெல்லாம் சாதா எலக்ட்ரோலிட்டிக்ண்ணே. இத மாத்துனதுக்கப்புறம் பாட்டுல ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக் கேக்குது. ஆனா என்னமோ கொறையுது, என்னன்னுதான் பிடிபடல."

பாட்டைப் போட்டேன். தவில் வந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வலந்தலையின் விரலடி பளிச்சென்று விழுந்தது. தொப்பிப் பக்கத்துக் கும்மென்ற அதிர்வைக் காணோம். கழற்றிய பழைய கண்டன்சர்களைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் காட்டினான்: 2.2 மைக்ரோஃபாரட். அவன் மாட்டியிருந்தது 0.1. சரக்கு உயர்ந்ததுதான், அளவோ இருபத்திரண்டில் ஒரு பங்கு. தெளிவு என்று அவன் நினைத்தது, பேஸ் கழன்றுபோனதால் மற்றதெல்லாம் எடுப்பாகத் தெரிந்த தோற்றம்.

கண்டன்சர் மாற்றினால் சத்தம் மாறுமா என்று கேட்டால் மாறும் என்றுதான் சொல்வேன். கெட்டுப்போனதை மாற்றினால் நன்றாகும். அளவு தப்பாகப் போட்டால் கெடும். நல்ல நிலையில் இருப்பதை, அதே அளவில், விலை கூடிய இன்னொன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் செட் இந்த மூன்றில் எதில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. புத்தகத்தில் கெப்பாசிட்டர், மின்தேக்கி என்று இருக்கும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடையில் கண்டன்சர் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். நானும் கடைப் பேச்சிலேயே போகிறேன். எலக்ட்ரோலிட்டிக் என்பது உள்ளே ஈரக் கரைசல் உள்ள, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய வகை. அந்தக் கரைசல் வற்றுவதைத்தான் காய்வது என்கிறேன். ஃபிலிம் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துச் செய்த வகை.

படி 1: மூடியைத் திறக்காமல் காதைக் கொடுங்கள்

செட்டை ஆன் செய்து, பாட்டு எதுவும் போடாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைகிறதா? வால்யூமைத் திருகினாலும் அந்த இரைச்சல் கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தால் சந்தேகம் பவர் சப்ளை மேல். வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது. இன்புட் ஒயரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. அதற்கு எந்தக் கண்டன்சரை மாற்றியும் பலனில்லை.

இரைச்சலின் குரலும் ஒரு துப்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடைத் தாண்டியதும் அது விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதனால், அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பில்டர் கண்டன்சர் காய்ந்துபோன செட் 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்போடு இரையும். எர்த் கோளாறு அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகும். போனில் இலவச டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 50, 100 ரெண்டையும் ஹெட்போனில் கேட்டுவைத்துக்கொண்டால் போதும், பிறகு மறக்காது.

மற்ற அறிகுறிகள்: ஒரு சேனலில் மட்டும் பேஸ் மெலிவது, சூடான பிறகு கரகரப்பது, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சத்தம் பம்முவது. இவற்றில் ஒன்றுமில்லாமல், 'இன்னும் நல்லா வருமோ' என்ற ஆசை மட்டும் இருந்தால் மூடியைத் திறக்க அவசரமே இல்லை. நேராக ஏழாவது படியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: உள்ளே தேங்கியிருப்பதை வடியுங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் கரண்டு நிற்கும். சிலர் திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவார்கள். வீரம்தான், ஆனால் கண்டன்சருக்கும் போர்டுக்கும் கேடு. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் சுற்றிய ரெண்டு ஒயரில் பற்றவைத்து, கண்டன்சரின் இரு முனைகளிலும் வையுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கூட ஐந்து விநாடியில் வடிந்துவிடும். மீட்டரில் வோல்டேஜ் 1-க்குக் கீழ் வந்ததைப் பார்த்த பிறகு கை வையுங்கள். வால்வு செட்டாக இருந்தால் உள்ளே 300, 400 வோல்ட் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

படி 3: எந்தக் கண்டன்சருக்கு எந்த வேலை

ஒரே போர்டில் இருபது முப்பது கண்டன்சர் இருக்கும். எல்லாமே சத்தத்தைத் தொடுவதில்லை. எது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் 'எல்லாத்தையும் மாத்திருங்க' என்று செலவு செய்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பில்டர் கண்டன்சரில் ஆரம்பிப்போம். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் டம்ளர் மாதிரி நிற்பவை. செட் 1 ஆம்பியர் இழுக்கிறது, கண்டன்சர் 4700 என்றால் சப்ளையில் ஏற்ற இறக்கம் தோராயமாக 2 வோல்ட். அதே கண்டன்சர் காய்ந்து 2000-க்கு இறங்கிவிட்டால் 5 வோல்ட். ஸ்பீக்கரில் அது இரைச்சலாக வரும், வால்யூம் ஏற்றினால் பாட்டு சீக்கிரமே உடையும். இங்கே புதுசு போட்டால் வித்தியாசத்தைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் நன்றாக இருக்கும் 4700-ஐ எடுத்துவிட்டு 10,000 போட்டால்? ஏற்ற இறக்கம் 1 வோல்ட் ஆகும். சப்ளையில் மிச்சமிருக்கும் அந்த அசைவை ஆம்ப் பெருமளவு தானே தள்ளிவிடும் என்பதால் சாதாரண வால்யூமில் காதுக்கு ஒன்றும் தெரியாது. 'நாலு போட்டா பேஸ் தூக்கும்' என்று நாற்பதாயிரத்துக்குப் போகிறவர்கள், சுவிட்சைப் போட்ட கணத்தில் டயோடு எவ்வளவு கரண்டை முழுங்க வேண்டியிருக்கிறது என்று யோசிப்பதில்லை. ஆன் செய்யும்போதெல்லாம் ஃப்யூஸ் போகிறது என்று வந்த செட்டுகளில் ஒன்றிரண்டுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கப்ளிங் கண்டன்சர். பாட்டு இதற்குள்ளே புகுந்துதான் போகிறது, அதனால்தான் இதன் மேல் எல்லோருக்கும் கண். இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 159-ஐ, கிலோ ஓமையும் மைக்ரோஃபாரடையும் பெருக்கி வருவதால் வகுங்கள். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிய ஆரம்பிக்கும் என்பது விடை. தம்பியின் போர்டில் இன்புட் ரெசிஸ்டன்ஸ் 22 கே, அதாவது 22 கிலோ ஓம். பழைய 2.2-க்கு 159 ÷ (22 × 2.2) = 3.3 ஹெர்ட்ஸ். புது 0.1-க்கு 159 ÷ (22 × 0.1) = 72 ஹெர்ட்ஸ். தொப்பி எங்கே போனது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எலக்ட்ரோலிட்டிக் கப்ளிங் டிஸ்டார்ஷன் (சத்தத்தில் சிதைவு) தருமா என்றால், தரும். 1980-இல் வால்ட் ஜங், ரிச்சர்டு மார்ஷ் இருவரும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைகளோடு இந்தப் பேச்சு சூடுபிடித்தது. 2002-03-இல் சிரில் பேட்மன் என்ற இங்கிலாந்துக்காரர் பலவகைக் கண்டன்சர்களை வாங்கி, டிஸ்டார்ஷனை அளந்து தொடராகவே எழுதினார். ஆக, ஃபிலிம் வகையின் பெருமை முழுப் பொய்யில்லை. ஆனால் நம் கைக்கு உதவுகிற விஷயம் ஒன்று உண்டு: எலக்ட்ரோலிட்டிக் கெடுப்பது, அதன் இரு முனைகளுக்கும் நடுவே பாட்டின் வோல்டேஜ் விழும்போதுதான். அளவைப் பெரிதாக வைத்தால் அங்கே விழுவது மிகக் குறைவு. மேலே சொன்ன கணக்கில் விடை 2, 3 ஹெர்ட்ஸுக்கு வருமாறு எலக்ட்ரோலிட்டிக் போட்டால் கேட்கும் எல்லைக்குள் அது சிதைக்க வழியே குறைவு. இடமும் காசும் இருந்தால் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போடலாம். 22 கே-க்கு 7 ஹெர்ட்ஸ் வரும், தாராளம். அதற்கு மேல் தங்க எழுத்துச் சரக்கெல்லாம் பெட்டிக்கு அழகு.

ஃபீட்பேக் காலில் (அவுட்புட்டின் ஒரு பங்கை ஆம்ப்புக்கே திருப்பிக் கொடுக்கும் வழியில்) நிற்கும் கண்டன்சரை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பேஸில் அதற்கும் பங்கு உண்டு. டிடிஏ2030 ஆம்ப் ஐசியின் வழக்கமான சர்க்யூட்டில் 680 ஓமோடு 22 மைக்ரோஃபாரட் சேர்ந்து நிற்கும்: கிட்டத்தட்ட 10 ஹெர்ட்ஸ். அது காய்ந்து 3-க்கு வந்துவிட்டால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் ஒழுகும். விலை சில ரூபாய்தான். பழைய செட்டில் பேஸ் மெலிந்தால் நான் இதைத்தான் இரண்டாவதாகப் பார்ப்பேன்.

எல்ஏ4440 ஐசி மாதிரி ஒற்றை சப்ளை (பிளஸ் மட்டும், மைனஸ் சப்ளை இல்லாத) செட்டுகளில் ஸ்பீக்கருக்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட் நிற்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 40 ஹெர்ட்ஸ். 2200 போட்டால் 18. எட்டு அங்குல ஸ்பீக்கரை நல்ல பெட்டியில் வைத்திருப்பவருக்கு இது கேட்கும். கார் கதவில் நாலு அங்குலம் வைத்திருப்பவருக்கு 2200 போட்டும் புண்ணியமில்லை. அந்த ஸ்பீக்கர் 40-க்கு இறங்குவதே இல்லை.

டோன் போர்டில் நிற்கும் சில்லு சில்லான டிஸ்க் கண்டன்சர்களை மாற்றலாம், மனசாரச் சொல்கிறேன். மலிவு ரக செராமிக் வோல்டேஜுக்கும் சூட்டுக்கும் தன் அளவையே மாற்றிக்கொள்ளும். சிலவற்றை பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கும், மைக் மாதிரி. அதே அளவில் பாலியஸ்டர் ஃபிலிம் போட்டால் ரெண்டு சேனலும் பேஸ், ட்ரெபிளில் ஒன்றுபோல வரும். செலவு ஒரு மதியச் சாப்பாடு ஆகாது.

ட்வீட்டருக்குப் போகும் 4.7, 2.2 நான்-போலார் (பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டாத) கண்டன்சர்களும் வயதானால் காயும். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 என்றால் 4200 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும். காய்ந்துவிட்டால் ஜால்ரா, சலங்கையெல்லாம் மங்கும். எல்லா மாற்றங்களிலும் காதுக்கு உடனே தெரிவது அநேகமாக இதுதான், ஆனால் பெட்டிக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தொடக்கூடாதவை இரண்டு. பவர் போர்டில் 47, 100 பிகோஃபாரட் என்று டிரான்சிஸ்டர் காலை ஒட்டி நிற்பவை ஒன்று. ஸ்பீக்கர் அவுட்புட்டில் 10 ஓமோ 1 ஓமோ ரெசிஸ்டரோடு நிற்கும் 0.1 இன்னொன்று. இவை சத்தத்துக்காக வைத்தவை இல்லை, ஆம்ப் தானாக ஊளையிடாமல் இருக்க வைத்தவை. அந்த ஊளை காதுக்கு எட்டாத உயரத்தில் நடக்கும். ட்வீட்டரும் அவுட்புட் டிரான்சிஸ்டரும் புகைந்த பிறகுதான் தெரியவரும்.

படி 4: அளந்து பாருங்கள்

வயிறு உப்பியதும் அடியில் ஒழுகியதும் கண்ணுக்கே தெரியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் வரிசையாக உப்பின கண்டன்சர்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் உப்பாமலே காய்வதுதான் அதிகம். ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றி, கண்டன்சர் அளக்கும் மீட்டரில் பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் 20 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பிறப்பிலேயே அப்படி. 30, 40 குறைந்தால் அது ஓய்வுக்கு வந்துவிட்டது. ஈஎஸ்ஆர் (கண்டன்சரின் உள் ரெசிஸ்டன்ஸ்) காட்டும் சின்ன டெஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. 4700-க்கு அரை ஓம் காட்டினால் அளவு சரியாக இருந்தாலும் தூக்கிப்போடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு. எலக்ட்ரோலிட்டிக் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். சாதாரண ரகத்துக்கு அந்தச் சூட்டில் ஆயுள் 2000 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். டீக்கடை பாய்லருக்கு மேலே பலகையில் ஒரு ஆம்ப், உள்ளே கண்டன்சர் 65 டிகிரி, நாளைக்கு 14 மணி நேரப் பாட்டு. 85 டிகிரி சரக்கு 8000 மணி நேரம், அதாவது ஒன்றரை வருடம். 105 டிகிரி சரக்கு 32,000 மணி நேரம், ஆறு வருடத்துக்கு மேல். கத்திரி வெயிலில் ஓலைப்பந்தலுக்குள் ஓடும் ரேடியோ செட்டுக்கும் இதே கதைதான். உயர்ந்த ரகம் என்று காசு போடுவதாக இருந்தால் இந்த 105-இல் போடுங்கள்.

படி 5: வாங்கும்போது

வோல்டேஜில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 24-0-24 டிரான்ஸ்பார்மருக்கு 35 வோல்ட் கண்டன்சர் போதும் என்று நினைப்பார்கள். 24-ஐ 1.414 ஆல் பெருக்கினால் 34. ராத்திரி தெருவில் லோடு குறைந்து லைன் 250 வோல்ட்டுக்கு ஏறினால் 37. செட் சும்மா இருக்கும்போது டிரான்ஸ்பார்மர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், 40-ஐத் தொடும். ஆக 50 வோல்ட் கேளுங்கள், 63 கிடைத்தால் சந்தோஷம். பழையதன் உயரம், குறுக்களவு, கால் இடைவெளி மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். மூடி மூடாமல் திரும்பக் கடைக்கு நடந்தவன் சொல்கிறேன்.

நிச்சிகான், ரூபிகான், பானசோனிக் என்று பெயர் அச்சடித்ததெல்லாம் அந்தக் கம்பெனி செய்தது என்று நம்பிவிட வேண்டாம். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கண்டன்சரை வைத்து மூடி விற்கும் போலிகள் உண்டு. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கண்ணூரில் செய்யும் கெல்ட்ரான் கிடைத்தால் எனக்குத் திருப்தி, நெடுநாளாகப் போட்டுவருகிறேன்.

படி 6: மாற்றும்போது, ஒரே ஒரு சேனலை மட்டும்

முதலில் போட்டோ எடுங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். இரட்டை சப்ளையில் ஒரு கண்ணி இருக்கிறது: மைனஸ் பக்கக் கண்டன்சரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். இருபது வயதில் நான் ரெண்டையும் ஒரே திசையில் மாட்டிவிட்டு, முகத்தை அருகே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மூன்று எண்ணுவதற்குள் சரவெடி மாதிரி ஒரு சத்தம். வெள்ளைத் துகளும் காகிதச் சுருளும் சுவரில் தொங்கிய காலண்டர் வரை போய் ஒட்டியது. மீன் கருகினது போன்ற வாடை ரெண்டு நாள் போகவில்லை, அம்மா சமையலறையைத் துழாவிக்கொண்டே இருந்தாள். கண்ணில் படாதது குலதெய்வத்தின் கருணை.

அதனால் முதல் தடவை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் அவுட்புட்டில் டிசி பாருங்கள்: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். (ஒற்றை சப்ளை செட்டில் அவுட்புட் கண்டன்சருக்குப் பிறகு அளக்க வேண்டும்.)

கெட்டுப்போனதை மாற்றுகிறீர்கள் என்றால் ரெண்டு சேனலையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் 'நல்லா வருமா' என்று பார்க்க மாற்றுகிறீர்கள் என்றால் இடது சேனலை மட்டும் மாற்றி, வலதை அப்படியே விடுங்கள். ரெண்டையும் மாற்றிவிட்டால் ஒப்பிடுவதற்கு நேற்றைய ஞாபகம்தான் இருக்கும். ஈயத்தோடு ஒரு மணி நேரம் மல்லாடி, காசும் கொடுத்த பிறகு, ஞாபகம் நம் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

படி 7: காதுக்கு ஒரு பரீட்சை

ரெண்டு சேனலுக்கும் ஒரே மோனோ பாட்டைக் கொடுங்கள். முதலில் அளவைச் சமப்படுத்த வேண்டும். 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு ரெண்டு ஸ்பீக்கர் முனைகளிலும் ஏசி வோல்டேஜ் பாருங்கள். ஒன்று 2.00 என்றால் மற்றது 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே வரும்படி பேலன்ஸைத் திருகுங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு எதுவும் செல்லாது. ஒரு பக்கம் துளி சத்தம் கூடினால் நம் காது அதைக் 'கூடுதல் சத்தம்' என்று சொல்லாது, 'கூடுதல் தெளிவு' என்று சொல்லிவிடும்.

பிறகு ஒரே ஸ்பீக்கரை ரெண்டு சேனலுக்கும் மாற்றி மாற்றிப் போடும் சுவிட்ச் ஒன்று. ஆம்ப் பொதுக் கிரவுண்டு ஆம்பாக (ரெண்டு சேனலின் கறுப்பு முனையும் ஒரே கிரவுண்டில் சேர்ந்ததாக) இருக்க வேண்டும். ஒன்றை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் சுவிட்சாக இருக்க வேண்டும், ரெண்டு அவுட்புட்டும் ஒட்டினால் ஐசி போய்விடும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, காசைச் சுண்டி, பூ விழுந்தால் இடது, தலை விழுந்தால் வலது என்று உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லுங்கள். 16 தடவை. குறைந்தது 12 தடவை சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று ஏற்கலாம். குருட்டாம்போக்கில் அவ்வளவு வருவதற்கு வாய்ப்பு நூற்றில் நாலுதான். எட்டு ஒன்பது சரி என்றால் காசும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு முறை. அதே மோனோ பாட்டு ஓடும்போது, இடது சிவப்பு முனைக்கும் வலது சிவப்பு முனைக்கும் நடுவே 470 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு பழைய ஹெட்போனைத் தொடுங்கள். இதற்கும் பொதுக் கிரவுண்டு ஆம்பாக இருக்க வேண்டும், ஸ்பீக்கரின் ரெண்டு முனையையும் ஆம்ப்பே ஓட்டும் பிரிட்ஜ் செட்டில் செய்யக்கூடாது. ஹெட்போனை முதலில் மேஜையில் வைத்துச் சத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் காதில் மாட்ட வேண்டும். ரெண்டு சேனலும் ஒன்றுபோல இருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஹெட்போனில் எதுவும் வராது. கண்டன்சர் செய்த வித்தியாசம் அவ்வளவும் வருவதற்குள்தான் இருக்கும். பேலன்ஸைத் துளித்துளியாகத் திருகி மிகக் குறைந்த இடத்தில் நிறுத்துங்கள்.

தம்பியின் செட்டிலும் இதைத்தான் செய்தோம். இடது பக்கம் பழைய 2.2-ஐப் போட்டு, வலது பக்கம் அவனுடைய 0.1-ஐ விட்டோம். ஹெட்போனைக் காதில் வைத்தவன் முகம் மாறியது. பாட்டுக்காரர் குரல் எங்கோ கிணற்றுக்குள், தவிலின் தொப்பி மட்டும் கும் கும்மென்று.

"அண்ணே, காணாமப் போனதெல்லாம் இதுலல்ல இருக்கு!"

அப்புறம் வலது பக்கம் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் ஒன்றை என் சரக்கிலிருந்து எடுத்துப் போட்டேன். மறுபடி ஹெட்போன். வால்யூமை முக்கால்வாசி ஏற்றியும், பேலன்ஸ் திருகிய இடத்தில் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் ஏதோ வந்தது. அது ரெசிஸ்டர்களின் வித்தியாசமாகவும் இருக்கலாம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பழசே போதுமா?" என்றான். பழசை அளந்தோம்: நாலில் மூன்று சரி, ஒன்று 1.3-க்கு இறங்கியிருந்தது. அதற்கு மட்டும் புதுசு வாங்கினான்.

சிவப்பு நாலும் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன, "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று விட்டுப்போய்விட்டான். டோன் போர்டில் 0.1 கேட்கும் செட் ஏதாவது வந்தால் போட்டுவிடுவேன். பருமன்தான் இடிக்கும்.